வாஷ்அவுட் எத்தனை டிகிரி? சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கு

இறக்கை கட்ட ஆரம்பிக்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: வாஷ்அவுட், அதாவது இறக்கையை நுனிப் பக்கம் லேசாக முறுக்கி வைப்பது, எவ்வளவு வேண்டும், 2 டிகிரியா, 3 டிகிரியா, இல்லை பத்திரத்துக்கு இன்னும் ஒன்று கூட்டி 4 ஆக வைத்துவிடலாமா? அந்தக் கடைசி யோசனைதான் எனக்குக் கவலை தருவது. கூட்டக் கூட்டப் பாதுகாப்பு கூடும் என்கிற சமாச்சாரம் இல்லை இது. இறக்கையின் வடிவம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும், கொடுத்ததை இடது வலது இரண்டிலும் அச்சு பிசகாமல் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். இரண்டாவது விஷயம் முதலாவதை விட முக்கியம் என்பது என் அனுபவம், அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் யாரோ வடிவமைத்த பிளானை வாங்கிக் கட்டுகிறீர்கள் என்றால் அதில் போட்டிருக்கும் எண்ணைத் தொடாதீர்கள். பூஜ்யம் என்று இருந்தால் பூஜ்யம். வாஷ்அவுட்டை மாற்றினால் இறக்கையின் எந்தப் பகுதி எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பதே மாறிவிடும், ஸ்பார் (இறக்கைக்குள் நெடுக ஓடும் முக்கிய உத்தரம்) கணக்கும் வால் பகுதியின் கணக்கும் பழைய எண்ணை வைத்துப் போட்டவை. கீழே எழுதியிருப்பது சொந்தமாக வடிவமைப்பவர்களுக்கு, அப்புறம் பிளானில் இருக்கும் எண் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டு கட்ட நினைப்பவர்களுக்கு.

வாஷ்அவுட் என்றால் இறக்கையின் நுனி, அடியை (விமானத்தின் உடலோடு சேரும் முனையை) விடக் குறைந்த கோணத்தில் காற்றைச் சந்திக்கும்படி இறக்கையை லேசாக முறுக்கி வைப்பது. மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும்போது அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகும் (காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்கும் விசை சரியும்), நுனி இன்னும் சில டிகிரி பாக்கி வைத்திருக்கும், எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகை) இருப்பது அந்த நுனிப் பக்கத்தில் என்பதால் கடைசி வரை உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும். நுனி முதலில் ஸ்டால் ஆனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். தரையிறங்கத் திரும்பும் வளைவில் வேகம் குறைந்து ஒரு இறக்கை சரிகிறது, பழக்கத்தில் கை எதிர்ப் பக்கமாகப் போகிறது, சரிந்த பக்கத்து எய்லரான் கீழே இறங்குகிறது, ஏற்கனவே விளிம்பில் நிற்கும் அந்த நுனியிடம் இன்னும் கொஞ்சம் லிஃப்ட் (தூக்கும் விசை) கேட்கிறோம், அது மொத்தமாகக் கைவிட்டுவிடுகிறது. ஸ்பின், அதாவது சுழன்றபடி கீழே விழுவது, ஆரம்பம். அந்த உயரத்தில் மீள இடம் கிடையாது.

சரி, உங்கள் இறக்கை தானாகவே எங்கே முதலில் ஸ்டால் ஆகும் என்பதை முதலில் பாருங்கள். இதற்கு ஒரு எளிய தோராய விதி இருக்கிறது, முறுக்கு இல்லாத இறக்கைக்கு அது நன்றாகவே பொருந்தும். நுனி நாணை அடி நாணால் வகுத்தால் வருவது டேப்பர் விகிதம் (நாண் என்று சொல்வது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை போகும் நேர்க்கோட்டை). ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்தால், ஒரு பக்க இறக்கையின் நீளத்தில் ஸ்டால் எங்கே தொடங்கும் என்று வரும். நேர் செவ்வக இறக்கைக்கு விகிதம் 1, கழித்தால் 0, அதாவது அடியிலேயே தொடங்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். விகிதம் 0.5 என்றால் பாதி தூரத்தில். 0.4 என்றால் 60 சதவீதத்தில், பெரும்பாலான விமானங்களில் எய்லரான் தொடங்குவது கிட்டத்தட்ட அங்கேதான். 0.3 என்றால் 70 சதவீதம், எய்லரானுக்கு நட்டநடுவே.

இந்த ஒரு கழித்தலே பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-4, ஆர்வி-6, ஆர்வி-7 போன்ற விமானங்களின் செவ்வக இறக்கையில் வாஷ்அவுட்டே கிடையாது, முறுக்கு இல்லாமல் கட்டினாயா என்று சரிபார்ப்பதுதான் அங்கே வேலை. செஸ்னா 172-இன் இறக்கை உள்பக்கம் செவ்வகமாகப் போய் வெளிப்பக்கம் குறுகுகிறது, அதில் அடி +1.5 டிகிரி, நுனி −1.5 டிகிரி, மொத்தம் 3. பீச்கிராஃப்ட் போனான்ஸாவில் அடி 4 டிகிரி, நுனி 1 டிகிரி, அதுவும் 3. ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையில் அடி +2, நுனி −0.5. நீள்வட்ட இறக்கை முழுவதும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகப் பார்க்கும், அதனால் அந்த 2.5 டிகிரி முறுக்கு அதற்குத் தேவைப்பட்டது. எவ்வளவு பெரிய பெயர் எடுத்த இறக்கையாக இருந்தாலும் எண் 2, 3-ஐத் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் வைத்துக்கொள்ளும் அளவு இது. செவ்வக இறக்கைக்கு 0 முதல் 1 வரை போதும். விகிதம் 0.6, 0.7 பக்கம் இருந்தால் 2. விகிதம் 0.5-க்கு வந்தால் இரண்டரை, மூன்று. 0.4-க்குக் கீழே போனால் முறுக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், வடிவத்தையே மாற்றுங்கள், நுனியைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். குறுகிய நுனிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: நாண் சிறியதானால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நாணையும் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பால் வகுத்தால் வருவது) குறையும், அது குறைந்தால் ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) தரக்கூடிய அதிகபட்ச லிஃப்டும் குறையும். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 1.5 மீட்டர் நாணுக்கு அது சுமார் 25 லட்சம், 0.6 மீட்டர் நாணுக்கு 10 லட்சம்தான். ஆக, நுனியிடம் அதிகமாகக் கேட்கிறோம், அதே நுனியால் கொடுக்க முடிவதோ குறைவு.

தோராய விதியோடு நிறுத்திவிடாமல் கணினியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். எக்ஸ்எஃப்எல்ஆர்5 என்கிற மென்பொருள் இலவசம், உங்கள் இறக்கையின் அளவுகளைக் கொடுத்தால் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு இடத்திலும் லிஃப்ட் கெழு (வேகத்தையும் பரப்பையும் ஒதுக்கிவிட்டு லிஃப்டைச் சொல்லும் எண்) எவ்வளவு என்று ஒரு கோடு வரையும். அதன் மேலேயே, அந்தந்த இடத்து ஏர்ஃபாயில் அந்த ரெனால்ட்ஸ் எண்ணில் தாங்கக்கூடிய அதிகபட்ச கெழுவை இன்னொரு கோடாக வரைந்துகொள்ளுங்கள். கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு கோடும் முதலில் முட்டுகிற இடம்தான் ஸ்டால் தொடங்கும் இடம். அந்த நேரத்தில் எய்லரானின் நடுப்பகுதியில் இரண்டு கோட்டுக்கும் இடையே குறைந்தது 0.1 இடைவெளி இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். இருந்தால் போதும், நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் அரை டிகிரி கூட்டி மறுபடி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நுனியை 3 டிகிரி முறுக்கினால் பாதி தூரத்தில் ஒன்றரை டிகிரி இருக்கும் என்று நினைப்போம், செவ்வக இறக்கையில் அது சரிதான், குறுகும் இறக்கையில் அப்படி வராது. அடி நாண் 1.5 மீட்டர், நுனி நாண் 0.75 மீட்டர் என்று வையுங்கள். முன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நுனியை 3 டிகிரி திருப்பினால் அங்கே பின் விளிம்பு சுமார் 39 மில்லிமீட்டர் மேலே போகும். பின் விளிம்பு நேர்க்கோடாகத்தானே இருக்கப்போகிறது, அப்படியானால் பாதி தூரத்தில் அது 19.6 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும், ஆனால் அங்கே நாண் 1.125 மீட்டர், கோணம் கணக்கிட்டால் 1 டிகிரிதான் வருகிறது. முறுக்கின் பெரும்பகுதி நுனிப் பக்கம் போய்க் குவிந்துவிடும், பாதி தூரத்தில் நீங்கள் நம்பியிருந்த பாதுகாப்பு அங்கே இருக்காது. மென்பொருளில் நடு இடத்துக்கும் இந்த உண்மையான எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

அதிகமாக வைத்தால் என்ன நஷ்டம்? சாதாரண இறக்கையில் கோணம் ஒரு டிகிரி கூடினால் லிஃப்ட் கெழு சுமார் 0.08 கூடும். பயண வேகத்தில் கெழு 0.3 என்றால், லிஃப்ட் பூஜ்யமாகும் கோணத்திலிருந்து எண்ணினால் இறக்கை சராசரியாக 3.75 டிகிரியில் போகிறது. செவ்வக இறக்கையில் 3 டிகிரி வாஷ்அவுட் வைத்தால் அடி 5.25, நுனி 2.25, எல்லாம் மேல் நோக்கித்தான் தூக்கும். அதையே 5 டிகிரி ஆக்கிவிட்டு வேகமாகப் பறந்து கெழு 0.15-க்கு வந்தால் சராசரி 1.9, அடி 4.4, நுனி −0.6. அதாவது நுனி கீழே தள்ளுகிறது, அந்தத் தள்ளுதலைச் சுமக்க அடிப்பகுதி கூடுதலாகத் தூக்க வேண்டும், எரிபொருள் செலவழித்து உங்கள் இறக்கையின் ஒரு பகுதியோடு இன்னொரு பகுதியைச் சண்டை போட வைத்திருக்கிறீர்கள். 2, 3 டிகிரிக்குள் இந்த நஷ்டம் சிறியது, அதற்கு மேல் வேகமாக ஏறும்.

முறுக்காமலே இதே பலனைப் பெற, நுனியில் வேறு ஏர்ஃபாயில் வைக்கும் வழியும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் கணக்குத் தெரியாமல் செய்தால் ஏமாந்துபோவோம். அடியில் நாக்கா 23012, நுனியில் நாக்கா 4412 வைப்பதாக எடுத்துக்கொள்வோம். 23012 திடீரென்று ஸ்டால் ஆகும், 4412 மெதுவாக விட்டுக்கொடுக்கும், அந்த வகையில் யோசனை சரி. ஆனால் லிஃப்ட் பூஜ்யமாகும் கோணம் முதலாவதுக்கு சுமார் −1.2, இரண்டாவதுக்கு சுமார் −4. வித்தியாசம் கிட்டத்தட்ட 2.8 டிகிரி. நீங்கள் ரசமட்டம் வைத்து அளந்து 2 டிகிரி வாஷ்அவுட் இருக்கிறது என்று திருப்தியாக இருப்பீர்கள், காற்றைக் கேட்டால் நுனிதான் அடியை விட முக்கால் டிகிரி அதிகமாக வேலை செய்கிறது என்று சொல்லும். ஏர்ஃபாயில் மாறினால் நாணின் கோணத்தைப் பார்க்காதீர்கள், மேலே சொன்ன இரண்டு கோட்டு வரைபடத்தை மட்டும் நம்புங்கள்.

விதிவிலக்குகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தலைகீழாகப் பறக்கும் சாகச விமானம் என்றால் வாஷ்அவுட் வேண்டாம், தலைகீழானதும் அது நேர் எதிராக வேலை செய்யும். முன்னால் சிறிய இறக்கை உள்ள கனார்டு வகையில் அந்த முன் இறக்கை முதலில் ஸ்டால் ஆக வேண்டும் என்பதே அடிப்படை, அது முற்றிலும் வேறு கணக்கு. வால் இல்லாத, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் முறுக்கு இருப்பது விமானத்தை மூக்கு ஆடாமல் நிறுத்துவதற்கும் சேர்த்து, அங்கே என் எண்கள் எதுவும் செல்லாது.

இனி கட்டும் வேலை. மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மூடிய பெட்டி ஆகும் வரை இறக்கை சொன்னபடி கேட்கும், ஆன பிறகு கேட்காது. மர இறக்கையில் முன் விளிம்புக்குப் பிளைவுட் வளைத்து ஒட்டி ஸ்பாரோடு சேரும் கணம் அது. உலோக இறக்கையில் ஒரு பக்கத் தகடு மட்டும் ரிவெட் அடித்திருக்கும்போது கையால் முறுக்கினாலே முறுக்கும், மறுபக்கத் தகடும் ஏறிவிட்டால் முடிந்தது. ஃபோமை வெட்டி மேலே ஃபைபர் கிளாஸ் போடும் முறையில், பிசின் இறுகும் கணம். அதனால் அளவெடுப்பதை எல்லாம் முடிந்தபின் செய்யும் சோதனையாக நினைக்காதீர்கள், மூடுவதற்கு முந்தைய இரவு செய்யும் வேலை அது.

ஃபோம் முறையில் ஒரு அருமையான பழக்கம் இருக்கிறது, விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் விமானங்களைக் கட்டியவர்களுக்குத் தெரியும். ஃபோம் கட்டையின் இரண்டு முனையிலும் ஏர்ஃபாயில் வடிவ அட்டைகளை ஆணியடித்து, சூடான கம்பியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மட்டக்கோடு இருக்கும், இரண்டு கோட்டையும் ரசமட்டத்தால் ஒன்றுபோல நிறுத்தினாலே முறுக்கு தானாக வந்துவிடும். விளிம்பு நெடுக எண்கள் இருக்கும், ஒருவர் "ஏழு… ஏழரை… எட்டு" என்று சொல்லச் சொல்ல இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நகர வேண்டும். ஒருவர் முந்தினால் அந்த இடத்தில் இறக்கைக்கு வேறு வடிவம் வந்துவிடும்.

மற்ற முறைகளில் அளவெடுப்பதற்கு, ஏர்ஃபாயிலின் மேல் வளைவு அப்படியே உட்காரும்படி பிளைவுட்டில் ஒரு தாங்கி வெட்டிக்கொள்ளுங்கள், அதன் மேல் ஓரம் நாணுக்கு இணையாக நேராக இருக்கட்டும். அடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று, நடுவே ஒன்று. அதன் மேல் டிஜிட்டல் லெவலை வைத்தால் அந்த இடத்தின் கோணம் நேராகத் தெரியும். லெவலை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை பாருங்கள், இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கருவியைப் பூஜ்யம் செய்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இடது இறக்கைக்கு எந்தத் தாங்கியோ அதேதான் வலதுக்கும். உலோக இறக்கை என்றால் ஒரு பக்கம் மட்டும் வெயில் படும் நேரத்தில் அளக்காதீர்கள், தகடு சூடேறி விரிந்து இல்லாத முறுக்கைக் காட்டும், விடியற்காலை நல்லது. லெவலை மட்டும் நம்பாமல் மில்லிமீட்டரிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்: 1200 மில்லிமீட்டர் நாணில் 1 டிகிரி என்பது 21 மில்லிமீட்டர், 2 டிகிரி 42, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வெறும் 2 மில்லிமீட்டர். கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவலும் தூக்குக்குண்டும் இந்த வேலைக்கு நன்றாகவே போதும்.

என் மர இறக்கையில் நடந்ததைச் சொல்கிறேன். 2 டிகிரி வைத்தேன். வலது இறக்கை 2.0 காட்டியது. இடதையும் ஜிக்கில் (கட்டும்போது இறக்கையைப் பிடித்து வைக்கும் சட்டத்தில்) ஏற்றி, நுனியில் பின் விளிம்புக்குக் கீழே ஆப்பு வைத்து, அளந்து, 2.0 வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் பிளைவுட்டை ஒட்டி, கிளாம்ப் எல்லாம் போட்டு, பசை காய்ந்து கிளாம்பை எடுத்தபின் அளந்தால் 2.4. என்ன ஆயிற்று என்று தேடியபோதுதான் தெரிந்தது, பிளைவுட்டை வளைத்து இழுக்கும்போது முன் பக்கம் கீழே போகும்படி விசை விழுந்து, பின்பக்கம் ஆப்பிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது, மேலிருந்து அதை அழுத்திப் பிடிக்க நான் ஒன்றும் வைக்கவில்லை. எட்டு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. பிளைவுட்டை அறுத்து எடுத்து, ரிப்களின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களின்) முனையைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டி முடிக்க மூன்று வாரம் போனது. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: கீழே ஆப்பு வைத்தால் மேலே மணல் மூட்டை வையுங்கள், கிளாம்ப் போட்ட பிறகு, பசை ஈரமாக இருக்கும்போதே, இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.

ஏன் இந்த 0.4-க்கு இவ்வளவு பாடு? இரண்டு இறக்கையிலும் 2.4 இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒன்றில் 2.0, ஒன்றில் 2.4 என்றால் விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும், நேராக வைக்க ஸ்டிக்கை அழுத்திக்கொண்டே பறக்க வேண்டும், ஸ்டால் ஆகும்போது ஒரு இறக்கை முதலில் விழும், அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே இறக்கை. வாஷ்அவுட் வைத்ததே அதைத் தடுக்கத்தானே. 0.1 வித்தியாசத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள், 0.2 வரை நான் ஒத்துக்கொள்வேன், அதற்கு மேல் என்றால் பிரித்துக் கட்டுவேன்.

பைப்பர் கப் போல இறக்கைக்குக் கீழே இரண்டு ஸ்ட்ரட் (சாய்வான தாங்கு கம்பி) தாங்கும் வகை என்றால் கொஞ்சம் நிம்மதி, பின் ஸ்ட்ரட்டின் மரை போட்ட முனையைத் திருகி முறுக்கைப் பிறகும் மாற்றலாம். நீளமாக்கத் திருகும்போது மரை எவ்வளவு தூரம் உள்ளே பிடித்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள், பிளானில் சொன்ன அளவுக்குக் குறைந்தால் அந்த இறக்கையைத் தாங்குவது நாலைந்து சுற்று மரை மட்டும்தான்.

பறந்து பார்க்கும்போது, இறக்கையின் மேல்பக்கம் 8, 10 சென்டிமீட்டர் கம்பளி நூல் துண்டுகளை வரிசை வரிசையாக டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், வாலில் ஒரு கேமரா. தரையிலிருந்து நிறைய உயரம், பாராசூட், ஸ்பின்னிலிருந்து மீளப் பயிற்சி பெற்ற கை, எடைமையம் முன்பக்கம், இதில் எது குறைந்தாலும் அன்றைக்கு வேண்டாம். பக்கவாட்டில் சறுக்குகிறோமா என்று காட்டும் கருவியின் பந்தை நடுவில் வைத்து, விநாடிக்கு ஒரு நாட் என்று மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். அடியில் பின் விளிம்புப் பக்க நூல்கள் முதலில் துடித்து முன்னோக்கிப் புரள வேண்டும், அது மெல்ல வெளிப்பக்கம் பரவ வேண்டும், எய்லரானுக்கு முன்னால் இருக்கும் நூல்கள் கடைசி வரை படிந்தே இருக்க வேண்டும். ஃபிளாப் (பின் விளிம்பில் உள்பக்கம் கீழே இறங்கும் பலகை) இறக்கி ஒரு தடவை, திரும்பும் வளைவில் ஒரு தடவை. ஃபிளாப் இறங்கியதும் லிஃப்ட் பரவும் விதமே மாறும், முதல் சோதனையில் வந்த பதில் அங்கே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூல்கள் வேறு மாதிரி சொன்னால் இறக்கையை அறுக்க ஓடாதீர்கள். அடிப்பக்கம் முன் விளிம்பில் 15, 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறிய முக்கோணப் பட்டையை, அதாவது ஸ்டால் ஸ்ட்ரிப்பை, டேப்பால் ஒட்டிப் பறந்து பாருங்கள். அந்த இடத்தை அது முன்னதாகவே ஸ்டால் ஆக்கிவிடும், நுனிக்கு வேண்டிய இடைவெளி கிடைக்கும், ஸ்டால் வேகம் ஒரு துளி கூடலாம். சில மில்லிமீட்டர் மேலே கீழே நகர்த்தினாலே குணம் மாறும், அதனால் ஒவ்வொரு பறத்தலுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில். சரியான இடம் கிடைத்த பிறகுதான் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும், கடைசியாக அளந்த வாஷ்அவுட் எண்களோடு அந்த இடத்தையும் விமானத்தின் லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள், பின்னாளில் இறக்கையை ரிப்பேர் செய்பவருக்கு எதை எங்கே திரும்ப வைக்க வேண்டும் என்று தெரிய வேறு வழி இல்லை.